ஏஜென்டைத் திணறடிக்க ஏழு வழிகள்

தேவிபட்டினத்தில் உட்கார்ந்து மீனவர்களுக்காக ஓர் ஏஐ ஏஜென்ட் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'நாளைக்குக் கடலுக்குப் போகலாமா?' என்று கேட்டால், அது காற்று, மீன் இருக்கும் இடம், அனுமதி எல்லாம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதற்குச் சில டூல்களை, அதாவது அது அழைத்துப் பயன்படுத்தும் நிரல்களை, கையில் கொடுக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், நாலு வரி விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட, டூல்களை ஏஜென்டோடு இணைக்கும் எம்சிபி முறையானாலும் சரி, வேறு முறையானாலும் சரி, டூலை அழைக்குமுன் ஏஜென்டுக்குள் இருக்கும் மாடல் பார்ப்பது இவற்றைத்தான். உள்ளே ஓடும் நிரல் அதன் கண்ணில் படாது. ஆகவே ஏஜென்டைக் கவிழ்க்க நிரலில் கை வைக்க வேண்டாம், விளக்கத்தைக் கெடுத்தால் போதும்.

1. பெயரை மொட்டையாக வையுங்கள்

'டோக்கன் எடு' அருமையான பெயர். விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறையில் வாங்கும் டோக்கனா, சர்வருக்குள் நுழையும் டோக்கனா என்று ஏஜென்டே யோசித்துக்கொள்ளட்டும். 'எடு' என்றால் இருப்பதைப் பார்ப்பதா, புதிதாகப் போடுவதா? அதையும் சொல்லாதீர்கள். சும்மா விசாரித்தவர் பெயரில் டோக்கன் விழுந்துவிடும். 'இது பதிவேட்டை மாற்றும், கேட்டு உறுதிசெய்தபின் அழைக்கவும்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தச் சுவாரசியம் கெட்டுவிடும்.

2. அலகைச் சொல்லாதீர்கள்

'காற்றின் வேகத்தைத் தரும்.' இதற்கு மேல் ஓர் எழுத்து வேண்டாம். டூல் 25 என்று திருப்பி அனுப்பும். நீங்கள் நினைத்தது நாட். ஏஜென்ட் அதைக் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, 'பயமில்லை, போய்வாருங்கள்' என்று வழியனுப்பும். 25 நாட் என்பது மணிக்கு 46 கிலோமீட்டர். '45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று, மீனவர்கள் செல்ல வேண்டாம்' என்று செய்தியில் கேட்கிறோமே, அந்தக் காற்று.

3. எது முன், எது பின் என்று மறையுங்கள்

'இடம்: இரண்டு எண்கள்' என்று விட்டுவிடுங்கள். தேவிபட்டினம் ஏறக்குறைய வடக்கு 9.5, கிழக்கு 78.9 டிகிரியில் இருக்கிறது. இடம் மாற்றிப் போட்டால் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடல். இரண்டுமே செல்லுபடியாகும் எண்கள் என்பதால் டூல் முனகாது. நம்மூர் நண்டு வலைக்குத் துருவக் கடலின் நிலவரம் வந்து சேரும்.

4. ஊருக்கே தெரிந்ததை எழுதாதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை என்பதும் தெரியும். தெரியாதது ஏஜென்ட் ஒன்றுக்குத்தான், அதற்காக எழுதிக்கொண்டிருக்க முடியுமா? 'படகு வகை' என்ற இடத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல் காலியாக விடுங்கள். கேட்டவர் தன் நாட்டுப்படகை 'வத்தை' என்பார், ஏஜென்டும் 'வத்தை' என்றே அனுப்பும். 'நாட்டு', 'விசை' தவிர எதுவும் தெரியாத உங்கள் டூல் விழிக்கும்.

5. வெறுங்கையோடு அனுப்புங்கள்

மீன் கூடும் இடங்களை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் காட்டும் கடல்மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்துக் கணிக்கிறது. மேகம் மூடினால் தகவல் கிடைக்காது. தடைக்காலத்திலும் வராது. உங்கள் சர்வர் படுத்தாலும் வராது. மூன்றுக்கும் ஒரே காலிப் பட்டியலை அனுப்புங்கள். ஏஜென்ட் 'கடலில் மீன் இல்லை' என்று அறிவித்துவிடும். 'ஏதோ தவறு' என்று மட்டும் சொன்னால் இன்னும் நல்லது, அதே கேள்வியை அலுக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும்.

இன்காய்ஸைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள். எந்த இறங்குதளத்திலிருந்து, எந்தத் திசையில், எத்தனை டிகிரி, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஆழம் என்று அறிவிப்பில் வரிக்கு வரி சொல்லிவிடுகிறார்கள். இப்படி எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் ஏஜென்டின் கற்பனைக்கு என்ன வேலை?

6. ஒரே வேலைக்கு ஒன்பது டூல் வையுங்கள்

'வானிலை', 'கடல் நிலை', 'காற்று நிலவரம்', 'இன்றைய எச்சரிக்கை' என்று அடுக்குங்கள். எப்போது எதை அழைப்பது, எப்போது அழைக்கக் கூடாது என்று சொல்லாதீர்கள். வெளியூரிலிருந்து தேவிபட்டினம் நவபாஷாணக் கோயிலுக்கு வருபவர், கடலுக்குள் நிற்கும் ஒன்பது கிரகக் கல்லில் சனி எது, ராகு எது என்று அர்ச்சகரைக் கேட்டுக்கொள்வார். ஏஜென்டுக்குக் கேட்க ஆளில்லை. கைக்கு எட்டியதைக் கும்பிட்டுவிட்டுப் பரிகாரம் முடிந்தது என்று சொல்லிவிடும்.

7. எழுதியதை யாரிடமும் காட்டாதீர்கள்

கடலையும் கணினியையும் அறியாத ஒருவரிடம் விளக்கத்தை மட்டும் கொடுத்து, 'இதை வைத்து வேலை பார்க்க முடியுமா?' என்று கேட்டுவிட்டால் குடி கெட்டது. 'எந்த அலகு? எந்தத் தேதி? தப்பானால் என்ன செய்ய?' என்று துளைப்பார். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு வரி. அத்தனையும் எழுதினால் ஏஜென்ட் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

இவ்வளவையும் கடைப்பிடித்தபின் எவராவது சண்டைக்கு வந்தால், 'ஏஐ இன்னும் வளரணும் அண்ணே' என்று சொல்லிவிடுங்கள். பழியை மாடல் தாங்கிக்கொள்ளும். உடனே மன்னிப்பும் கேட்கும். விளக்கத்தை எழுதியது யார் என்று மட்டும் கேட்காது.