கவரும் கதை

நம் சினிமா நிருபர்களில் பாதிப் பேர் இப்போது குறும்பட இயக்குநர்கள். மீதிப் பேர் எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிவு செய்துவிட்டு நல்ல நேரத்துக்குக் காத்திருப்பவர்கள்.

இதில் தப்பென்ன என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. சினிமாவைப் பற்றி எழுதுகிறவன் சினிமா எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. ருசி பார்க்கத் தெரிந்தவனுக்குக் கரண்டி பிடிக்கவும் ஆசை வரும். அவர் கரண்டி பிடிப்பதில் எனக்குக் கோபமில்லை. எந்த ஹோட்டலில் வேலை கேட்டு மனு போட்டிருக்கிறாரோ, அந்த ஹோட்டல் சாம்பாருக்கே மார்க்கும் போடுகிறாரே, அதில்தான் கோபம்.

வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால் ஒரு நாள் முன்னதாக சாலிகிராமம் பிரசாத் லேபிலோ வேறொரு பிரிவியூ தியேட்டரிலோ பிரஸ் ஷோ. இடைவேளையில் பஃப்ஸ், காபி. படம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் பி.ஆர்.ஓ., அவருக்குப் பக்கத்தில் தூக்கம் கெட்ட கண்களோடு இயக்குநர். "எப்படி சார் இருக்கு?" "பண்ணிட்டீங்க சார்!" என்ன பண்ணினார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

சில இடங்களில் பிரஸ் நோட்டோடு கவரும் வரும். வாங்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்று பெயர். என்னைக் கேட்டால் கவரைக்கூட மன்னித்துவிடலாம் என்பேன். மூன்று மாதச் சம்பளத்தைப் பாக்கி வைத்திருக்கும் முதலாளியிடம் வேலை பார்க்கிறவன், பெட்ரோலுக்கு ஆச்சு என்று வாங்கிப் பையில் வைக்கிறான். கேவலம்தான். ஆனால் அந்தக் கணக்கு அந்தப் படத்தோடு தீர்ந்தது.

நம் விமர்சக இயக்குநர் கவரைத் தொடமாட்டார். கௌரவம். "அதெல்லாம் வேணாம் சார். ஒரு கதை வெச்சிருக்கேன். ஹீரோகிட்ட ஒரு அரை மணி நேரம் வாங்கிக் குடுங்க, போதும்." இந்தக் கணக்கு எந்தப் படத்தோடும் தீராது. அந்த ஹீரோ அடுத்து நடிக்கும் படம், அவர் தம்பி அறிமுகமாகும் படம், அவர் மேனேஜர் தயாரிக்கும் படம் என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் அரை ஸ்டார் கூடிக்கொண்டே போகும். கவர் வாங்குகிறவன் ஒரு விமர்சனத்தை விற்கிறான். இவர் பேனாவையே அடமானம் வைத்திருக்கிறார், வட்டியோடு.

அவர் நடையைக் கவனியுங்கள். "இரண்டாம் பாதியில் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கலாம்." எடிட்டரை என்ன சொன்னாலும் மோசமில்லை, எடிட்டர் கால்ஷீட் தரப் போவதில்லை. "நாயகி வந்து போகிறார்." வந்து போகத்தானே அவளுக்கு எழுதினார்கள்? எழுதியவரைப் பற்றி மூச்சு இல்லை. ஹீரோவின் சட்டையைப் பற்றிக்கூட ஒரு குறை இருக்காது. ஆனால் வீட்டை விற்று ஓர் அறிமுக இயக்குநர் சின்னதாக ஒரு படம் எடுத்து வரட்டும், பார்க்கலாம். பெரிய படம் வந்தபோது தலைமறைவாக இருந்த குரோசோவாவும் தார்க்கோவ்ஸ்கியும் அன்றைக்குக் கூண்டோடு வந்து இறங்குவார்கள். "உலக சினிமா பார்த்துவிட்டு எடுக்க வந்திருக்கலாம்" என்று ஒரே வரியில் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, அன்று மாலையே பெரிய கம்பெனி வாசலில் கதை சொல்ல நிற்பார்.

பேனாவைக் காசாக்குவது நமக்குப் புதிதல்ல. 'சினிமா தூது' பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன், எழுதாமலிருக்கக் காசு கேட்டார் என்பதுதான் அந்தக் காலத்தில் அவர்மேல் இருந்த புகார். 1944 நவம்பரில் அவரைக் குத்திக் கொன்றார்கள். அந்த வழக்கில் நடிகர்கள் பாகவதரும் கலைவாணரும் சிறைக்குப் போய் 1947இல் விடுதலையானார்கள். லட்சுமிகாந்தன் நடத்தியது மஞ்சள் பத்திரிகை என்பதில் வாங்கிப் படித்தவனுக்கே சந்தேகமில்லை. நம்மவர் நடத்துவது 'நடுநிலை'.

கேட்டால் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவைக் காட்டுவார்கள். 'கஹே து சினிமா' பத்திரிகையில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர்தானே அவர்? கோதார்? ரிவெத்? உண்மைதான். எப்படி எழுதினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? 1954 ஜனவரியில் பிரெஞ்சு சினிமாவின் கொழுத்த கதாசிரியர்களைப் பெயர் சொல்லிக் கிழித்தார் த்ரூஃபோ. தொடர்ந்து அடித்த அடியில், 1958 கான் விழாவுக்கு அவருக்குப் பத்திரிகையாளர் அனுமதி மறுத்தார்கள். அதற்கு முந்தின வருடம்தான் 'லே மிஸ்தோன்' குறும்படத்தை எடுத்திருந்தார். மறு வருடம் அதே கானில் '400 ப்ளோஸ்' படத்துக்குச் சிறந்த இயக்குநர் விருது. அந்தப் படத்துக்கு விநியோகஸ்தரான அவருடைய மாமனார் பணம் கொடுத்து உதவினார் என்பது வேறு விஷயம். மாமனார் சமாச்சாரம் உலகப் பொது. பகைத்துக்கொண்டு பாஸை இழந்தவர் அவர். நம்மவருக்குக் குலைநடுக்கமே பாஸ் போய்விடுமோ என்பதில்தான்.

இனி குறும்படம். 2008இல் கேனன் 5டி மார்க் 2 வந்த பிறகு, போட்டோ எடுக்கிற கேமராவிலேயே படமும் எடுக்கலாம் என்றானது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' வழியாக வந்த கார்த்திக் சுப்பராஜ் 2012இல் 'பீட்சா' எடுத்தார். நலன் குமாரசாமி 2013இல் 'சூது கவ்வும்' எடுத்தார். அவர்கள் தங்கள் வேலையைக் காட்டி வாய்ப்பு வாங்கினார்கள். அவர்களைக் காட்டியே நம்மவர் பிறர் வேலையை வாங்குகிறார்.

வளசரவாக்கம் பக்கம் ஒரு மொட்டை மாடியில் நான் பார்த்த ஷூட்டிங். படம் 12 நிமிடம். அலாரம் அடிக்கும்; ஹீரோ எழுவான்; பல் தேய்ப்பான்; டீ போடுவான். நாலு நிமிடம் ஓடிவிடும். கடைசியில் பார்த்தால் அவன் ஏற்கெனவே செத்தவன். கேமரா ஓசி, லைட் கடன். தேனிப் பக்கத்திலிருந்து வந்து ஆறு பேரோடு ஓர் அறையில் படுத்துக்கிடக்கும் உதவி இயக்குநர்ப் பையன் விடிய விடிய தெர்மகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேட்டா? "இது பேஷன் ப்ராஜெக்ட் தம்பி. உன் பேரு டைட்டில்ல வருதுல்ல?" பதினொன்றரைக்குச் சாப்பாடு வந்தது, ஒரு பொட்டலம் குறைவாக. யாருக்குக் குறைந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடிக்க வந்த பெண் சேலையைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். விடியற்காலை மூன்று மணிக்கு, "ஆட்டோ புக் பண்ணிக்கம்மா" என்றார்கள். காசு அவளுடையது. படம் எதைப் பற்றித் தெரியுமா? உழைப்புச் சுரண்டலைப் பற்றி.

பிறகு விருதுகள். இணையத்தில் மாதாமாதம் நடக்கும் சில சர்வதேச விழாக்களுக்குத் தியேட்டரும் கிடையாது, பார்வையாளரும் கிடையாது. நுழைவுக் கட்டணம் மட்டும் டாலரில் உண்டு. கட்டினால் தேர்வு, கூடக் கட்டினால் கோப்பை. போஸ்டரில் வெற்றி இலைகள் நெருக்கியடித்துக்கொண்டு ஹீரோவின் முகத்தையே மறைத்துவிடும். அந்த டாலருக்குக் காசு இருந்தது. தெர்மகோல் பையனுக்கு 300 ரூபாய் கொடுக்கத்தான் இல்லை.

2024 இறுதியில் ஒரு தயாரிப்பாளர் சங்கம், படம் வெளியான முதல் மூன்று நாளைக்கு இணையத்தில் விமர்சனமே வரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. யாருக்குப் பயந்து போனார்கள்? நம்மவருக்கா? கைக்காசில் டிக்கெட் எடுத்து, முதல் காட்சி முடிந்து வாசலில் மைக்கைப் பிடித்து "செத்துட்டேன் சார்" என்றானே ஒருவன், அவனுக்குப் பயந்து போனார்கள். அவனிடம் கக்கத்தில் இடுக்கிய பவுண்டட் ஸ்கிரிப்ட் இல்லை. வாய் சுதந்திரமாக இருக்கிறது.

பங்குச் சந்தை ஆய்வாளர் ஒரு பங்கைப் பரிந்துரைத்தால், அது தன் கையிலும் இருக்கிறதா என்று சொல்லியாக வேண்டும், செபி விதி. இன்ஸ்டாகிராமில் முகப் பவுடர் விற்கிறவர்கூட இது காசு வாங்கிச் செய்த விளம்பரம் என்று போட வேண்டியிருக்கிறது. விமர்சனத்தின் அடியில் இவரும் மூன்று வரி போடட்டும்: "இந்த விமர்சகரின் கதை மேற்படி கம்பெனி மேஜையில் எட்டு மாதமாகக் கிடக்கிறது. ஹீரோவைப் பார்க்க வரும் செவ்வாய்க்கிழமை நேரம் கேட்டிருக்கிறார். இவருடைய குறும்படத்தில் வேலை செய்த நாலு பேருக்குப் பேட்டா பாக்கி." அதற்குப் பிறகு அவர் ஐந்துக்கு ஐந்தரை ஸ்டார் கொடுத்தாலும் என் டிக்கெட் காசு பத்திரமாக இருக்கும்.