இதயம் வரைந்து தரப்படும்

அனுப்புநர்:
போர்டு ஆர்ட்டிஸ்ட்,
மணிக்கூண்டுப் பக்கம், ராயப்பேட்டை, சென்னை 14.

பெறுநர்:
பள்ளிக் கல்வித் துறை,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்,
கல்லூரிச் சாலை, சென்னை 6.

பொருள்: ஓவியம் படிக்கும் ஆபத்திலிருந்து தமிழ்நாட்டுப் பிள்ளைகளை இத்தனை காலம் காப்பாற்றி வந்தமைக்கு நன்றி கூறுதலும், என் பேத்தியை மட்டும் காப்பாற்றாமல் விட்டுவிடக் கோருதலும் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

என் கடைக்கு மூன்று வருமானம்: ஃப்ளெக்ஸ் டிசைன், விசிட்டிங் கார்டு, ரெக்கார்டு நோட்டு. முதல் இரண்டும் கடை வாடகைக்கும் கரண்டு பில்லுக்கும் போய்விடும். சோறு போடுவது மூன்றாவதுதான். அந்தச் சோற்றுக்குக் காரணம் நீங்கள் என்பதால் முதல் நன்றி உங்களுக்கு.

பிராக்டிகல் நெருங்கினால் பயாலஜி குரூப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். முதுகில் கோச்சிங் சென்டர் பை, வாசலில் ஸ்கூட்டியை அணைக்காமல் காத்திருக்கும் அம்மா. "அங்கிள், கரப்பான்பூச்சி ஒண்ணு, இதயம் ஒண்ணு. நாளைக்கு சப்மிட் பண்ணணும்." நானும் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவேன். இதயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. வலது ஏட்ரியத்தைத் தாளின் இடது பக்கத்தில் வரைய வேண்டும், ஏனென்றால் எதிரே நிற்கிற ஆளின் இதயம் அது. இதைச் சொல்லிக் கொடுக்கலாமென்று வாயெடுத்தால், "அதெல்லாம் வேணாம் அங்கிள், எத்தனை மணிக்கு வரட்டும்?" என்பார்கள். இன்றைக்கு ஸ்டெதஸ்கோப் மாட்டியிருக்கும் டாக்டர்கள் சிலரின் இதயம் என் கைவேலை. அவர்களிடம் வைத்தியத்துக்குப் போகும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் படபடப்பாக இருக்கும்.

ஒரு கோடு நேராக இழுக்கத் தெரியாமல் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருவது சாதாரணக் காரியம் அல்ல. அதற்கு நெடுநாள் திட்டமிட்ட உழைப்பு வேண்டும். டைம்டேபிளில் சித்திரப் பீரியட் என்று ஒன்று இருக்கும். அதைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்பார், சயின்ஸ் டீச்சரும் கேட்பார். கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. வட்டிக் கணக்கு சொல்லிக் கொடுப்பவரே இப்படிச் செய்தால் யாரிடம் போய் முறையிடுவது?

தப்பித்தவறி டிராயிங் மாஸ்டருக்கே பீரியட் கிடைத்துவிட்டால் என்ன ஆவது என்று நீங்கள் முன்கூட்டியே யோசித்திருக்கிறீர்கள். 2012இல் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி எல்லாவற்றுக்குமாக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தீர்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். போராடிப் போராடி அது 7,000, 10,000, 12,500 என்று ஏறியது. பல வருஷம் மே மாதத்துக்குச் சம்பளமே கிடையாது. ஓவிய ஆசிரியருக்கு மே மாதம் பசிக்காது என்பது உங்கள் துறையின் கண்டுபிடிப்பு. பணி நிரந்தரம், ஜெயித்த கட்சியின் 2021 தேர்தல் அறிக்கையில் 181ஆம் வாக்குறுதியாக வந்தது. நம்பரைப் பார்க்கும்போதே தெரிகிறது, வரிசை நீளம்.

இத்தனைக்கும் நடுவில் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறீர்கள். ஓவியப் போட்டி உண்டு, மாநில அளவில் ஜெயித்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டமும் உண்டு. கிண்டலை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துச் சொல்கிறேன், அது நல்ல காரியம். ஆனாலும் விதைக்காத வயலில் அறுவடைத் திருவிழா கொண்டாடும் துணிச்சல் உங்களைத் தவிர வேறு யாருக்கு வரும்?

இனி என் பேத்தி விஷயம்.

அவள் ஒன்பதாவது படிக்கிறாள். பேர் பெற்ற பள்ளிதான், பேர் வேண்டாம். "இயற்கைக் காட்சி வரைந்து வா" என்று வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். இயற்கைக் காட்சி என்றால் என்னவென்று தமிழ்நாட்டுக்கே தெரியும்: முக்கோணமாய் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் குடிசையும் தென்னை மரமும், மேலே நாலு காக்கா. எந்தக் கட்சி ஆண்டாலும் பிள்ளைகள் வரைவது உதயசூரியன்தான், அதில் அரசியல் கிடையாது. இவளோ ஜாம்பஜார் மார்க்கெட்டைப் போய்ப் பார்த்து வரைந்தாள். சாயங்காலம் விற்காமல் வதங்கிய முட்டைக்கோஸ், கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து காசு எண்ணும் ஒரு கிழவி, கிழவியின் கட்டைவிரலில் ரப்பர் பேண்டு. நோட்டில் சிவப்பு மையில் வந்த பதில்: "இது இயற்கைக் காட்சி அல்ல. மலை எங்கே?" பரங்கிமலையைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "ஒண்ணு சரி தாத்தா, ரெண்டாவது மலை எங்க?" என்கிறாள்.

பதினொன்றாம் வகுப்பில் ஓவியம் எடுக்க எந்த குரூப் என்று இன்னொரு பள்ளியில் விசாரித்தேன். ஃபர்ஸ்ட் குரூப், பயோ மேத்ஸ், காமர்ஸ் என்று விரல்விட்டு எண்ணிய அலுவலர் கடைசியில் மலர்ந்த முகத்தோடு சொன்னார்: "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேருங்க சார். எல்லா சிஸ்டத்துலயும் பெயிண்ட் இருக்கு."

எங்கள் காலத்தில் ஓவியத்துக்கு ஒரு குரூப் இருந்தது. மவுண்ட் ரோடு தியேட்டர்களுக்கு எழுதின பேனர் கம்பெனிகளே எங்களுக்குப் பள்ளி. பாடத்திட்டம் உங்களுடையதைவிடக் கறாரானது. முதலில் பிரஷ் கழுவவேண்டும். பிறகு ஸ்டில் போட்டோமீது பென்சிலால் சின்னக் கட்டம், துணியில் சாக்பீஸால் பெரிய கட்டம், ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பெரிதாக்க வேண்டும். அடுத்து வானம், அதில் தேறினால் சட்டை, சேலை. முகம் மாஸ்டருக்கு மட்டும். ஹீரோவின் மூக்கைத் தொட வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. பள்ளிக்கூடம் போகவேண்டிய பையன்களை வேலை வாங்கினார்கள், அது தப்புதான், நியாயப்படுத்தவில்லை. ஆனால் வினைல் ஃப்ளெக்ஸ் வந்து அந்தக் கொட்டகைகள் மூடியபோது, கையில் கோடு ஏறுகிற வயசுப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே இடமும் போயிற்று. அதற்குப் பதிலாக நீங்கள் எதையும் திறக்கவில்லை.

இசைக்கு அப்படி இல்லை. மாநிலத்தில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. பன்னிரண்டு வயதில் போய்த் தவிலோ நாதசுரமோ மூன்று வருஷம் முறையாகப் படிக்கலாம். படம் வரைகிற பிள்ளைக்கு ஜவகர் சிறுவர் மன்றத்து ஓய்வுநேர வகுப்பு உண்டு. அதற்குமேல் வேண்டுமென்றால் ஃபீஸ் கட்டி டிராயிங் கிளாஸ். டிராயிங் லோயர், ஹையர் பரீட்சைகளை நடத்துவது அரசு. பாடம் எடுப்பது பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே நடக்கும் தனியார் வகுப்பு.

பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் அரசுக்குத் திடீரென்று கலை ஞாபகம் வரும். எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் சேர வரைந்து காட்டச் சொல்லி நுழைவுத் தேர்வு வைப்பார்கள். பன்னிரண்டு வருஷம் சொல்லித்தராததை ஒரே நாளில் கேட்பார்கள். காசு கட்டிப் படித்தவர்கள் வரைவார்கள். மற்றவர்கள் இரண்டு மலை வரைவார்கள்.

அந்தக் கல்லூரியின் கதையை உங்கள் கோப்பில் ஒருமுறை புரட்டுங்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தன் பொறுப்பில் ஆரம்பித்த ஓவியப் பள்ளி அது. ஆமாம், டாக்டர்தான், அவர் இதயத்தை அவரே வரைந்திருப்பார். இரண்டே வருஷத்தில் கம்பெனி அரசாங்கம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. "படம் போட்டா சோறு கிடைக்குமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: சோறு வடிக்கிற அலுமினியப் பாத்திரமே இந்தியாவில் அந்தப் பள்ளியின் பட்டறையிலிருந்துதான் கிளம்பியது. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அதைச் செய்து பார்த்தார், பிறகு அது தனித் தொழிலாகவே வளர்ந்தது. மெரினாவில் நீங்கள் மாலை போடும் காந்தி சிலையும், உழைப்பாளர் சிலையும் அங்கே முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தவை. அடுத்து வந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் பத்திக் துணி விற்ற காசில் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் கிராமத்தைக் கட்டினார்கள். சோற்றுக்கு வழியைத் தாங்களே வரைந்துகொண்டவர்கள் அவர்கள்.

அயலூரைப் பார்க்கலாம் என்றால், சிங்கப்பூரில் 2008இல் கலைப் பள்ளி ஒன்று திறந்தார்கள். பதின்மூன்று வயதில் சேர்ந்து, ஆறு வருஷம் மற்றப் பாடங்களோடு ஓவியமும் படிக்கலாம். பணக்கார நாடு என்பீர்கள். யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே சித்திரத்தை உயர்தரப் பாடமாக எடுக்கலாம். போர் நடந்த பூமி அது. உள்ளூரில் சி.பி.எஸ்.இ.யில் ஓவியம், சிற்பம், அப்ளைடு ஆர்ட் எல்லாம் பிளஸ் டூ பாடங்கள். ஓவியத்தில் நூற்றுக்கு 70 மார்க் செய்முறைக்கே. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு போர்டு, அந்தப் பக்கம் இன்னொரு போர்டு. போர்டு எழுதுகிற எனக்கே வித்தியாசம் புரியவில்லை.

ஆகவே கீழ்க்காணும் கோரிக்கைகளைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

1. சென்னையில் ஓர் அரசு ஓவியப் பள்ளி, ஆறாவது முதல் பிளஸ் டூ வரை. தமிழும் கணக்கும் அறிவியலும் குறையாமல் அரை நாள். கோடு, களிமண், வண்ணம், அச்சு, எழுத்து என்று கை அழுக்காகும் வேலை மறு அரை நாள். பெற்றோர் பயப்படுவார்களே என்று தயங்க வேண்டாம். வாசலில் "நீட் - ஜேஇஇ தீவிரப் பயிற்சி மையம்" என்று நானே இலவசமாக போர்டு எழுதித் தருகிறேன். கூட்டத்தைச் சமாளிக்கப் போலீஸ் கூப்பிட வேண்டியிருக்கும்.

2. எழும்பூரில் படித்துவிட்டு வேலையில்லாமல் நிற்கும் பிள்ளைகளை அந்தப் புதுப் பள்ளியில் முழுநேர ஆசிரியராகப் போடவும். மே மாதத்திலும் அவர்களுக்குப் பசிக்கும்.

3. இதுவரை கடன் போன சித்திரப் பீரியட்களைக் கூட்டுவட்டியோடு திருப்பவும். கணக்கைக் கணக்கு வாத்தியாரே போட்டுத் தருவார்.

4. மேற்படி எதுவும் முடியாதென்றால், "ரெக்கார்டு நோட்டு வரைதல்" என்பதைத் தொழிற்கல்விப் பாடமாக்கி என்னைப் பகுதிநேர ஆசிரியராக நியமிக்கவும். மூன்று அரை நாள் எனக்குத் தாராளம். இதயம் மட்டும் பேத்தியிடம் கொடுத்துவிடுவேன், அவள் பார்த்து வரைகிறவள்.

இந்த மனுவுக்கு "நிதிநிலை இடம் கொடுக்கவில்லை" என்று நீங்கள் பதில் எழுதுவது உறுதி. எழுதுங்கள், தப்பில்லை. அனுப்புவதற்கு முன்னால் கடிதத்தின் தலைப்பில் இருக்கும் கோபுர முத்திரையை மட்டும் ஒரு தடவை பாருங்கள். அது ஸ்ரீவில்லிபுத்தூரா மதுரையா என்று ஊரே சண்டை போடும். வரைந்தவர் யாரென்று ஒருவரும் கேட்பதில்லை. ஆர். கிருஷ்ணராவ் என்று பெயர், எழும்பூர் ஓவியப் பள்ளிக்காரர். ஓவியம் தேவையில்லை என்று உத்தரவு போடுவதற்குக்கூட ஓர் ஓவியர் வரைந்த தாள்தான் உங்களுக்கு வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
போர்டு ஆர்ட்டிஸ்ட், ராயப்பேட்டை.