எந்த சபை, தம்பி?

எங்கள் அப்பார்ட்மென்ட் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தவர் நீட்டிய விசிட்டிங் கார்டில் ‘டெவலப்பர் எவாஞ்சலிஸ்ட்’ என்று போட்டிருந்தது. கீழ்வீட்டு டீச்சரம்மா ஞாயிறு ஆராதனை தவறாதவர். கார்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “சுவிசேஷ ஊழியமா? எந்த சபை, தம்பி?” என்று கேட்டார். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. “எல்லா சபையும்தான் ஆன்ட்டி. ஜாவா, பைத்தான், பிஎச்பி, யார் வேணாலும் வரலாம்.”

இரண்டு வருடம் கழித்துக் கம்பெனி அந்தப் பட்டத்தை ‘டெவலப்பர் அட்வகேட்’ என்று மாற்றியது. மறுநாள் காலை அசோசியேஷன் செக்ரட்டரி, மேடவாக்கத்து மனையின் வில்லங்கச் சான்றிதழோடு அவர் வாசலில் நின்றார்.

ஊழியமும் இல்லை, வக்கீல் தொழிலும் இல்லை. தன் கம்பெனியின் ஏபிஐயை ஊரில் உள்ள புரோகிராமர்கள் எடுத்துப் பயன்படுத்தும்படி செய்வதுதான் அவர் வேலை. ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் வேலை வாங்கும் வழிக்கு ஏபிஐ என்று பெயர். டாக்ஸி ஆப்பில் வரைபடம் தெரிவதும், பணம் கட்டியதும் எஸ்எம்எஸ் வருவதும் அதன் வழியாகத்தான். இதை விளக்க இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரே உவமைதான் தெரியும்: நீங்கள் ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிறீர்கள், சமையலறை உள்ளே இருக்கிறது, நடுவில் போய்வருபவர்தான் ஏபிஐ. வேறு ஊர்களில் எடுபடும். நம்மவர் ஒரு பொறியியல் கல்லூரியில் “ஏபிஐங்கறது ஹோட்டல் சர்வர் மாதிரி” என்று தொடங்க, கடைசி பெஞ்சிலிருந்து “அப்போ சர்வர் யாரு சார்?” என்று கேள்வி வந்தது. “சர்வர்தான் கிச்சன்” என்றார். அன்று கடைசிவரை யாருக்கும் இட்லி வந்து சேரவில்லை.

இந்தப் பட்டத்தைப் பிரபலமாக்கியது ஆப்பிள். 1984இல் மெக்கின்டாஷ் வந்தபோது பெட்டி அழகாக இருந்தது. அதில் ஓட்டத்தான் போதிய மென்பொருள் இல்லை. வெளியாட்களைக் கெஞ்சியோ கொஞ்சியோ எழுத வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்றவர்களில் ஒருவரான கய் கவாசாகி, அதற்கு முன் நகை வியாபாரத்தில் இருந்தவர். தங்கம் விற்றவருக்கு நம்பிக்கை விற்பதா கஷ்டம்!

நம்மவர் விற்பது ஐந்து நிமிடம். “அஞ்சே நிமிஷம் ப்ரோ” என்பதுதான் அவருடைய மூல மந்திரம். ஸ்ட்ரைப் கம்பெனியை ஆரம்பித்த காலிசன் சகோதரர்கள், யாராவது “முயற்சி செய்து பார்க்கிறோம்” என்று சொன்னால் விட்டுவிட்டு வரமாட்டார்கள். லேப்டாப்பை வாங்கி அங்கேயே பொருத்திக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கதையை இவர் எங்கேயோ படித்துத் தொலைத்திருக்கிறார். செக்ரட்டரி மகள் கல்யாண ரிசப்ஷனுக்கு நான் ஆபீசிலிருந்து நேராக, பையும் கையுமாகப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலை அவர். ரசம் ஊற்றும்போது “உங்க ஆப்ல எஸ்எம்எஸ்ஸுக்கு யாரை வெச்சிருக்கீங்க?” என்று ஆரம்பித்தார். இலைக்குப் பாயசம் வருவதற்குள் என் போனுக்கு ஓடிபி வந்துவிட்டது. லேப்டாப்பின் என்டர் பட்டனில் இன்றும் லேசாகப் புளி வாசம்.

மேடை ஏறினால் மட்டும் ஐந்து நிமிடம் ஐம்பதாகும். ஓஎம்ஆரில் ஒரு சனிக்கிழமைக் கூட்டம். முன்வரிசையில் கோட் எழுதுபவர்கள், பின்வரிசையில் பீட்சாவுக்கு வந்தவர்கள். அவர் கம்பீரமாக ரன் கொடுத்தார். 401. கீ தப்பு. மாற்றினார். அந்த அவசரத்தில் கம்பெனியின் ரகசியக் கீயையே இருபதடித் திரையில் காட்டிவிட்டார். பின்வரிசை உட்பட எல்லோரும் படம் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் வைஃபை போனது. “நேத்து ராத்திரிகூட ஓடுச்சு” என்றார். போகும்போது ஆளுக்கொரு டி-ஷர்ட். எக்ஸ்எக்ஸ்எல் மட்டும்தான் இருக்கும். மீடியம் எப்போதும், எல்லா ஊரிலும், முடிந்துபோயிருக்கும்.

நம்மையெல்லாம் வாடிக்கையாளர் என்று அவர் சொன்னதே இல்லை. ‘கம்யூனிட்டி’. விலை என்ன என்று கேட்டால் மட்டும் கல்யாணத் தரகர்போல மெல்ல நழுவுவார்: “அதை சேல்ஸ்ல பேசிக்குவாங்க ப்ரோ.”

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்கு எங்கள் ஆப்பிலிருந்து ஒரு மெசேஜும் போகவில்லை. சப்போர்ட்டுக்கு எழுதினால் ‘உங்கள் டிக்கெட் எங்களுக்கு முக்கியமானது’ என்று இயந்திரம் பதில் போட்டது. மூன்றாம் மாடியிலிருந்து லுங்கியோடு இறங்கி வந்து, கம்பெனியின் டாக்குமென்டேஷனிலேயே இருந்த தப்பைக் கண்டுபிடித்தவர் இவர்தான். கூச்சப்படாமல், “இதை நாலு மாசமா உள்ள சொல்லிட்டிருக்கேன்” என்றார். அன்று நான் அந்தச் சபையில் சேர்ந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சபைக்குக் காணிக்கை உண்டு என்பது பிறகுதான் தெரிகிறது. 2005இல் கூகுள் வரைபடத்துக்கு ஏபிஐ திறந்தபோது உலகமே தன் இணையதளத்தில் மேப் ஒட்டிக்கொண்டது; 2018இல் கிரெடிட் கார்டு கேட்டார்கள். ரெடிட் விலை வைத்ததும், அதை நம்பி எழுதப்பட்டு லட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்திய அப்போலோ ஆப், 2023 ஜூன் 30 அன்று கடையை மூடியது. எங்களுக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘ஓர் உற்சாகமான செய்தி’ என்பது தலைப்பு. இலவசத் திட்டம் 90 நாளில் முடிகிறது என்பது செய்தி.

மூன்றாம் மாடிக்கு ஓடினேன். கதவைத் திறந்தவர் வேறு நிறத்தில், வேறு கம்பெனி டி-ஷர்ட் போட்டிருந்தார்.

“அங்கேருந்து வந்து மூணு வாரம் ஆச்சு ப்ரோ. அதை விடுங்க. இப்ப நாங்க ஒண்ணு பண்றோம், பழசுலேருந்து அப்படியே மாத்திக்கலாம். லேப்டாப் எடுத்துட்டு வாங்க, அஞ்சே நிமிஷம்.”

எடுத்துக்கொண்டு போனேன். பழைய கம்பெனியின் எக்ஸ்எக்ஸ்எல் டி-ஷர்ட்டால் தினமும் ஸ்கூட்டர் துடைக்கிறேன். நல்ல காட்டன், இன்னும் சாயம் போகவில்லை.