வானத்துக்கு செக்போஸ்ட் இல்லை

(பாலக்காடு, இடுக்கி எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளுக்கான கேள்வி-பதில். இம்முறை முழுக்க விண்வெளி.)

கே: சயின்ஸ் ஃபேருக்குத் தெர்மாகோலில் சூரியக் குடும்பம் செய்தேன். பக்கத்து மேஜையிலும் அதே. அதற்கடுத்த மேஜையிலும் அதே!
*– 9-ம் வகுப்பு மாணவன், கொழிஞ்சாம்பாறை*

ப: மூன்று சூரியன் இருந்தும் ஹாலில் வெளிச்சம் இல்லையா? ஒரு பலகைக்குள் எட்டுக் கோளையும் அடக்கும்போதே கணக்கு பொய்யாகிவிடுகிறது, தம்பி. சுவரில் 1.4 மீட்டர் குறுக்களவில் சூரியனை வரையுங்கள். பூமி 13 மில்லிமீட்டர், அதாவது ஒரு சுண்டைக்காய். அதை 150 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நிலா ஒரு சின்ன மிளகு, சுண்டைக்காயிலிருந்து 38 செ.மீ. தூரத்தில். வியாழன் ஓர் உரித்த தேங்காய், முக்கால் கிலோமீட்டருக்கும் அப்பால். நெப்டியூன் ஓர் எலுமிச்சை. அதைப் பார்க்க நடுவர் நாலரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடந்தவர் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார். கண்காட்சி முடிந்ததும் குழம்பும் வைக்கலாம். தெர்மாகோலில் அது நடக்காது.

கே: வேலந்தாவளத்தில் நாங்கள் விடும் வாட்டர் ராக்கெட் தமிழ்நாட்டில் போய் விழுந்தால் யார் பொறுப்பு?
*– 10-ம் வகுப்பு மாணவர்கள்*

ப: நிஜ விண்கலத்துக்கு இதற்கென்றே சர்வதேச உடன்படிக்கை உண்டு. ஏவிய நாடுதான் பொறுப்பு. 1978-ல் சோவியத்தின் காஸ்மோஸ் 954 கனடாவில் விழுந்தது. கனடா 60 லட்சம் டாலருக்கு பில் நீட்டியது; பேரம் பேசி 30 லட்சம் கனடிய டாலரில் முடித்தார்கள். உங்கள் சோடா பாட்டிலுக்கு அவ்வளவு வராது.

ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. மேற்கு மலைத்தொடரில் பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் அந்த வழியே காற்று கிழக்கே பாய்கிறது. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்ப்பில் எப்போதும் ஒரே எண்ணிக்கை அடி. காலை, மதியம், மாலை என்று விட்டு, எவ்வளவு ஒதுங்கி விழுகிறது என்று ஒரு மாதம் அளந்து எழுதுங்கள். காற்றின் குணம் நோட்டில் ஏறிவிடும். பம்ப் அடிக்கும்போது யாரும் பாட்டிலுக்கு மேலே எட்டிப் பார்க்கக் கூடாது.

கே: எங்கள் எஸ்டேட்டில் பாதி வருடம் மேகம். நட்சத்திரத்தை எங்கே பார்ப்பது?
*– 8-ம் வகுப்பு மாணவி, மூணாறு*

ப: மலைக்கு அந்தப் பக்கம் மறையூர் மழை மறைவுப் பிரதேசம். அங்கே ஒரு சித்தப்பா வீடு இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இல்லாவிட்டால் மேகத்தையே ஆராயுங்கள். 36,000 கி.மீ. உயரத்திலிருந்து இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோள் நம் மேகங்களைப் படமெடுக்கிறது. 2024 பிப்ரவரி 17-ல் ஏவப்பட்டது. இன்சாட் படங்களை வானிலைத் துறை இலவசமாகவே வெளியிடுகிறது. தினமும் மாலை நாலு மணிக்கு லயத்து வாசலில் நின்று வானத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே நேரத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். கீழிருந்து நீங்கள் பார்த்ததும் மேலிருந்து அது பார்த்ததும் எத்தனை நாள் ஒத்துப்போயின? அதுதான் ப்ராஜெக்ட்.

கே: தமிழ் மீடியத்தில் படித்தால் ராக்கெட் பக்கம் போக முடியுமா?
*– ஒரு அம்மா, வண்டிப்பெரியாறு*

ப: பாலக்காட்டில் எல்லை தாண்டினால் பொள்ளாச்சி. அதற்குப் பக்கத்தில் கோதவாடி. அந்தக் கிராமத்துத் தமிழ் வழிப் பள்ளியில் தொடங்கியவர்தான் மயில்சாமி அண்ணாதுரை. 2008 அக்டோபர் 22-ல் கிளம்பிய சந்திரயான்-1-ன் திட்ட இயக்குநர். எல்லைக்கு இந்தப் பக்கம் நென்மாரா. ககன்யான் விண்பயணத்துக்கு 2024-ல் அறிவிக்கப்பட்ட வீரர்கள் நால்வரில் ஒருவரான பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயரின் ஊர். மீடியம் எது என்று நிலா கேட்டதில்லை, அம்மா.

கே: இஸ்ரோவுக்குள் போய்ப் பார்க்க ஏதாவது வழி?
*– 8-ம் வகுப்பு மாணவன், மறையூர்*

ப: ‘யுவிகா’ என்ற பயிற்சி, ஒன்பதாம் வகுப்புக்காரர்களுக்கு. 2019-ல் தொடங்கியது. இரண்டு வாரம் இஸ்ரோ மையத்திலேயே தங்கிப் படிக்கலாம். தேர்வில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். பஞ்சாயத்துப் பகுதிப் பள்ளி என்றால் அதற்கும் தனி மதிப்பெண். மூலையில் கிடக்கிறோம் என்று புலம்ப வேண்டாம், அந்த மூலைக்கே மார்க்!

கே: ராகு சூரியனை விழுங்குவதைப் பாட்டி நம்புகிறார். என்ன சொல்ல?
*– 9-ம் வகுப்பு மாணவி, பீர்மேடு*

ப: சண்டை போடாதீர்கள். சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்கு சுமார் 5 பாகை சாய்ந்தது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளே வானியல் கணக்கில் ராகுவும் கேதுவும். 2031 மே 21-ல் இடுக்கி, தேனி, மதுரை வழியாக வளையச் சூரிய கிரகணம் வருகிறது. பாட்டியை முற்றத்துக்கு அழைத்து வாருங்கள். எக்ஸ்ரே ஃபிலிம் வேண்டாம். சல்லடையைப் பிடித்தால் ஓட்டைக்கு ஒரு வளையம் தரையில் விழும். விழுங்கியதையும் துப்பியதையும் பாட்டியே எண்ணிச் சொல்லட்டும்.

கே: எனக்கு சயின்ஸ் வராது. கதை எழுத வரும்.
*– 10-ம் வகுப்பு மாணவி, அட்டப்பாடி*

ப: ஆறாமீன், விடிவெள்ளி என்று நம் பெரியவர்களிடம் வானத்துக்கென ஒரு அகராதியே உண்டு. மூப்பன்மாரிடமும் பாட்டிமாரிடமும் போய் உட்காருங்கள். எந்த நட்சத்திரத்துக்கு என்ன பெயர், எப்போது உதிக்கும், அதைப் பார்த்து என்ன வேலை தொடங்குவார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கேட்டது ஆராய்ச்சி, எழுதியது கதை.

கே: ப்ராஜெக்ட் தோற்றால்?
*– பயந்தவன், சித்தூர்*

ப: நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் சேர்ந்து உருவாக்கிய ஆசாதிசாட் செயற்கைக்கோள் 2022 ஆகஸ்ட் 7-ல் பறந்தது. ராக்கெட் தவறான பாதையில் விட்டதால் வீணானது. ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10-ல் இரண்டாவது ஆசாதிசாட் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. உங்களுக்குத் தோற்றது அட்டைப்பெட்டிதானே?

கே: பட்ஜெட் பூஜ்யம். ஆனால் நிஜமான ஆராய்ச்சி வேண்டும்.
*– ஒரு டீச்சர், குமுளி*

ப: ஒரு மீட்டர் குச்சி இருக்கிறதா, டீச்சர்? கொழிஞ்சாம்பாறையில் ஒரு பள்ளியைக் கூட்டுச் சேருங்கள். நீங்கள் தெற்கே, அவர்கள் வடக்கே. வடக்கு-தெற்காக மட்டும் அளந்தால் இடைவெளி சுமார் 125 கி.மீ. எரட்டோஸ்தனீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் இரண்டு ஊர்களை வைத்துப் பூமியை அளந்த அதே வித்தைதான்.

நிழலே விழாத நாள் இங்கே ஏப்ரல் நடுவில் வரும். அப்போது பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். சூரியன் கல்வித்துறையைக் கேட்டு வருவதில்லை. அதனால் ஜனவரி 26-ஐ வைத்துக்கொள்ளுங்கள். கொடியேற்ற எல்லாரும் வருவார்கள். மிட்டாய் கொடுத்ததும் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு உச்சிப்பொழுது கடிகாரத்தின் 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 12.35-க்கு. 12.20-லிருந்து 12.50 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறியுங்கள். மிகக் குறுகியதுதான் விடை. இரண்டு ஊர் நிழலுக்கும் வித்தியாசம் இரண்டரை செ.மீ. அளவே இருக்கும். நிழல் நீளத்திலிருந்து கோணம் கண்டுபிடிக்கப் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். 360-ஐக் கோண வித்தியாசத்தால் வகுத்து 125-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு, 40,000 கி.மீ. பக்கம் வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் பூமி 1,500 கி.மீ. பெருத்துவிடும். எங்கே தப்பியது என்று பிள்ளைகள் தேடும்போதுதான் விஞ்ஞானம் தொடங்குகிறது.

குச்சியை நேராக நடுங்கள், டீச்சர். தூக்குநூல் கட்டிப் பார்த்துவிட்டு!