நீண்டகாலம் தங்கியவர்களின் விண்ணப்பம்

ஊவாவில் சுற்றுலாவை வளர்க்கும் பொறுப்பிலுள்ள பெரியவர்களுக்கு, பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து ஆட்கள் எழுதிக்கொள்வது.

ஐயாமாரே, உங்கள் விளம்பரப் படங்களை விடாமல் பார்த்து வருகிறோம். முதுகில் கூடை, முகத்தில் சிரிப்பு, பின்னால் பனிமூட்டம். படத்திலுள்ள பெண்ணின் இடுப்பில் படங்கைக் காணோம், காலில் அட்டையையும் காணோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நனைந்த படங்கைக் கட்டிக்கொண்டு யாரும் அப்படிச் சிரிப்பதில்லை என்பது உங்கள் படக்காரருக்கும் தெரிந்திருக்கிறது.

வருகிறவர் எத்தனை இரவு தங்குகிறார் என்பதுதான் உங்கள் பெரிய கவலை என்று கேள்விப்பட்டோம். அதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களானார்கள். மிச்சமிருந்தவர்களையும் பிரஜையாக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து வருடம்! விசா நீடிப்புக் கேட்டு ஒருநாளும் கொழும்பில் வரிசையில் நின்று உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தோம். இடையில் 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, பலரைத் தலைமன்னாரில் கப்பலேற்றி, அவர்கள் பிறந்தே இராத ஊருக்கு ஒருவழிச் சுற்றுலாவும் ஏற்பாடு செய்தீர்கள். அதன் புகைப்படங்களை உங்கள் கையேட்டில் ஏனோ போடவில்லை.

தெமோதரைக்கு வருவோம். ரயில் ஒரு வளையம் சுற்றி, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகும் அதிசயம் அது. பாதையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் பொறியியலாளர்கள் தவித்தபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அதைச் சொல்லாத வழிகாட்டி குறைவு. கதையில் கங்காணியின் தலைப்பாகை இருக்கிறது, கங்காணிக்குப் பெயர் இல்லை. கங்காணிகள் எங்களுக்குச் செய்ததற்கு அவர்கள் பெயரை நாங்கள் வேறுவிதமாக ஞாபகம் வைத்திருக்கிறோம், அது வேறு விஷயம். 1924இல் பதுளை வரை வந்து சேர்ந்த அந்தப் பாதை தேயிலையை இறக்கப் போட்டது. இன்று அதில் எல்லவுக்கு ஒரு சீட்டுக் கிடைப்பது லொத்தரில் பரிசு விழுவது மாதிரி.

லிப்டன் சீட்டிலும் இதே கணக்குத்தான். 1890இல் தம்பேத்தனையை வாங்கிய தோமஸ் லிப்டன் அங்கே உட்கார்ந்து தன் மலைகளைப் பார்ப்பாராம். இப்போது சிலையாகவும் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்ததற்குச் சிலை வைத்திருக்கிறீர்கள். நாங்கள் நின்றதற்கு 2024 செப்டெம்பரில் வர்த்தமானி போட்டு நாட்சம்பளத்தை 1350 ரூபாய் ஆக்கினீர்கள்.

இனி எங்கள் விண்ணப்பம். தொரைமார் இருந்த பங்களாக்கள் பல இடங்களில் ஹோட்டல்களாகிவிட்டன. பழைய கதவு, பழைய கணப்பு, பழைய குளியல் தொட்டி எல்லாம் பாரம்பரியமாம், அதற்கே காசாம். லயங்களும் அந்தக் காலத்தவைதான்; கட்டியவரும் அதே தொரைதான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒடுக்கமான இஸ்தோப்பு, அசலில் எதுவும் மாறவில்லை. கூரையில் ஒழுகும் இடம்கூட அசல். தயவுசெய்து இவற்றையும் பாரம்பரியச் சின்னமாகப் பதியுங்கள். சின்னம் என்றால் பழுதுபார்க்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். மனிதர் குடியிருக்கும் இடம் என்று சொல்லி இதுவரை கேட்டதில் அவ்வளவாகப் பலனில்லை.

கிழக்கே கழிமுகத்தில் சுற்றுலா வளர்க்கும் எண்ணம் வந்தால் அங்கேயும் எங்களுக்குப் பங்குண்டு. பதுளு ஓயா துன்ஹிந்தையில் குதித்து, மகாவலியோடு சேர்ந்து கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது. எங்கள் சரிவுகளில் கரைகிற மண்ணும் கொஞ்சம் கூடவே போகும்.

எல்லா மண்ணும் அவ்வளவு தூரம் போவதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி, லயங்களை மூடி அங்கேயே நின்றுவிட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்த சரிவு அது. தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்க வருகிறவர்களில் பலர் மீரியபெத்தைக்குப் பக்கத்தால்தான் போகிறார்கள். அங்கே ஒரு ‘வியூ பொயின்ட்’ போடும் யோசனை தயவுசெய்து யாருக்கும் வரவேண்டாம்.

இப்படிக்கு,
பனிமூட்டத்துக்கு முன்னால் நிற்பவர்கள்.

பி.கு.: பதில் போடுவதானால் ஒரு சிக்கல். லயத்துக்கு வீட்டு இலக்கமும் இல்லை, தெருப்பெயரும் இல்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசில் போய் விழும், அங்கிருந்து எப்போது வருமோ தெரியாது. எங்களுக்கு மேலேயுள்ள செல்ஃபி எடுக்கும் பாறை மட்டும் கூகுள் வரைபடத்தில் துல்லியமாக இருக்கிறது. அந்த விலாசத்துக்கே அனுப்புங்கள், ஏறி வந்து வாங்கிக்கொள்கிறோம்.