எங்கள் குலத்தின் நல்ல மனசு

மனிதரை மனிதர் நம்பாத காலம் இது என்று புலம்புகிறவர்கள் ஒரு வெப் டெவலப்பரோடும் பழகாதவர்கள். பக்கத்து வீட்டுப் பாயசத்தைக்கூட ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிற ஊர் இது. நாங்களோ, ஊர் பேர் தெரியாத ஒருவர் எழுதி என்பிஎம் என்ற பொதுக் கிடங்கில் போட்ட பேக்கேஜை ஒரு வரியும் படிக்காமல் வங்கியின் பணப் பட்டுவாடா பக்கத்திலேயே இறக்கி வைப்போம். அவர் யாருடைய பேக்கேஜை நம்பியிருக்கிறார், அந்த ஆள் வேறு யாரை நம்பியிருக்கிறார் என்று துருவுகிற சின்னப் புத்தி எங்களுக்கு இல்லை.

அடக்கத்தில் எங்களை மிஞ்ச ஆளில்லை. ஓர் எண்ணுக்கு முன்னால் இரண்டு பூஜ்யம் சேர்க்க, கல்லூரியில் முதல் செமஸ்டரில் படித்த லூப் போதும். ஆனால் அதை நாமே எழுதினால் தலைக்கனம் என்பார்களே! அதற்காகவே லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜைப் பெரிய பெரிய திட்டங்களெல்லாம் நம்பி நின்றன. 2016 மார்ச்சில், கிக் என்ற பெயர் யாருக்கு என்ற தகராறில் கோபித்துக்கொண்ட அதன் ஆசிரியர் தம் சரக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பேபல் என்ற கருவி தொடங்கி எத்தனையோ திட்டங்களின் பில்டுகள் விழுந்தன. என்பிஎம்காரர்களே அதைத் திரும்ப வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. பிற்பாடு ஜாவாஸ்கிரிப்டிலேயே அதே வேலைக்குப் பேட்ஸ்டார்ட் என்ற வசதி வந்துவிட்டது. இருந்தும் பழைய பேக்கேஜை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். விசுவாசம் என்றால் அது!

கொடையைச் சொல்லவே வேண்டாம். இணையத்தின் பெரும்பகுதிக்குப் பூட்டாக இருந்தது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருள். அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்ட 2014க்கு முன்பு அதற்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை 2,000 டாலர் அளவு. தவம் செய்கிறவர் மடியில் பணத்தைக் கொட்டித் தவத்தைக் கலைக்கலாமா? கோடிகளில் புரண்ட கம்பெனிகளுக்கு இருந்த அந்தப் பக்குவம் லேசில் வராது.

பணம்தான் தருவதில்லை, அக்கறைக்குக் குறைவைக்க மாட்டோம். இலவசமாக எழுதித் தந்தவரிடம் நள்ளிரவில் போய், "இன்னுமா இந்த பக்கைச் சரிசெய்யவில்லை? கிளையன்ட் காத்திருக்கிறார்" என்று உரிமையோடு கேட்போம். ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜை எழுதியவர் அதைத் தாமே பயன்படுத்தாமல் நெடுநாள் சும்மா பராமரித்தார். 2018இல் அறிமுகமில்லாத ஒருவர் வந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டார். வந்தவர் பிட்காயின் பணப்பையைக் குறிவைக்கும் திருட்டுக் கோடை உள்ளே சொருகினார். வாரந்தோறும் லட்சக்கணக்கில் இறக்கப்பட்ட பேக்கேஜ் அது. அத்தனை பேரில் அதுவரை உதவிக்கு நீண்ட கைகள் சொற்பம். விஷயம் வெளியானதும் பழைய ஆசிரியரைத் திட்ட மட்டும் எல்லோரும் நேரம் ஒதுக்கினார்கள். வேலை நெருக்கடியிலும் எவ்வளவு பொறுப்பு!

கைம்மாறு கருதாத தொண்டும் உண்டு, டி-ஷர்ட்டைத் தவிர. 2020இல் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் விழாவில் நாலு புல் ரெக்வெஸ்ட், அதாவது கோடைத் திருத்தும் வேண்டுகோள், அனுப்பினால் டி-ஷர்ட் என்றார்கள். எங்கள் அன்பர்கள் கண்ணில் பட்ட ரீட்மீயில் எல்லாம் "அருமையான திட்டம்" என்று சேர்த்து அனுப்பினார்கள். பராமரிப்பாளர்கள் அவற்றை மூடித் தள்ளியே ஓய்ந்தார்கள். சில நாளிலேயே அமைப்பாளர்கள் விதியைத் திருத்தி, சம்மதித்த திட்டங்களுக்கு மட்டும் அனுப்புங்கள் என்றார்கள். சம்மதம் கேட்டுவிட்டுச் செய்தால் அதற்குப் பெயர் சேவையா?