தள்ளிப்போடல் இயல்: வரையறை, வகை, காலம், முடிபு

1. வரையறை

செய்தே தீர வேண்டிய பணி ஒன்றை, அதற்குரிய நேரமும் வசதியும் கையில் இருக்கும்போதே, செய்யாவிட்டால் கேடு வரும் என்பதை நன்கறிந்தும், மற்றொரு நாளுக்கு மாற்றி வைக்கும் செயல் தள்ளிப்போடல் எனப்படும். இவ்வரையறையின் ஒவ்வொரு கூறும் இன்றியமையாதது. நேரமின்மையால் விடுபட்டது வேலைப்பளுவின் பாற்படும். கேடு வரும் என்று அறியாமல் விடுபட்டது அறியாமையின் பாற்படும். நினைவில் இல்லாமல் விடுபட்டது மறதியின் பாற்படும். இம்மூன்றின் துணையும் இன்றி, முழு அறிவோடும் தெளிந்த நினைவோடும் ஒரு பணியைச் செய்யாதிருப்பவரே இத்துறையில் ‘தள்ளுநர்’ என்னும் பெயருக்கு உரியவர். அவரால் தள்ளப்படும் பணி ‘தள்ளுபொருள்’ என்றும், அதைத் தள்ளுவதற்கு அவர் கையில் எடுக்கும் காரணம் ‘தள்ளுகோல்’ என்றும் இக்கட்டுரையில் வழங்கப்படும்.

தள்ளுநரைச் சோம்பேறி என்பது ஆராய்ந்தறியாதார் கூற்று. சோம்பேறி எதையும் செய்வதில்லை. செய்யாததற்காக வருந்துவதும் இல்லை. தள்ளுநரோ வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்ய உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமையில் மேசை இழுப்பறையைக் கவிழ்த்து, எழுதாத பேனாக்களைத் தனியே பிரித்து, கைப்பேசியிலுள்ள பழைய படங்களை ஆண்டுவாரியாக அடுக்கி, மூன்று மாதமாக அழைக்காத சித்தப்பாவை அழைத்து நலம் விசாரித்து, அந்தி சாயும்போது உடல் களைத்துப் போகிறார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியர் ஜான் பெர்ரி, தள்ளுநர் முதன்மையான பணி ஒன்றைத் தவிர்ப்பதற்காகவே ஏனைய பணிகளை எல்லாம் ஊக்கத்தோடு செய்துமுடிக்கிறார் என்று 1996இல் ஒரு கட்டுரை எழுதி, அதற்காக 2011இல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசைப் பெற்றார். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் அப்பரிசு, அவருக்கு வந்துசேர 15 ஆண்டுகள் எடுத்துக்கொண்டதைப் பரிசுக் குழுவினரின் துறைப்பற்று என்றே கொள்ள வேண்டும்.

2. முன்னோர் கொள்கை

இப்பொருள் பற்றித் தமிழில் கண்டிப்புடன் பேசியவர் வள்ளுவர். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், தூக்கம் ஆகிய நான்கையும் கெட்டுப்போக இருப்பவர் விரும்பி ஏறும் மரக்கலம் என்று மடியின்மை அதிகாரத்தில் அவர் வைத்தார். நால்வகைப் பயணிகளுள் காலம் நீட்டிப்பவருக்கே முதல் இருக்கை தந்திருப்பது கருதத்தக்கது. எனினும் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், காலம் தாழ்த்திச் செய்ய வேண்டியவற்றைத் தாழ்த்தியே செய்க என்றும், தாழ்த்தக் கூடாதவற்றைத் தாழ்த்தற்க என்றும் ஒரே குறளில் இரு கட்டளைகளை அவர் பிறப்பித்தார். தள்ளுநர் மரபினர் இவற்றுள் முதற்கட்டளையை மட்டும் ஏற்று, இரண்டாவதைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கின்றனர்.

மேலைநாட்டு அறிஞருள் இப்பொருளைப் பட்டறிந்து எழுதியவர் பொருளியலாளர் ஜார்ஜ் ஆகர்லாஃப். அவர் இந்தியாவில் ஓராண்டு தங்கியிருந்தபோது அவரைக் காண வந்த ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், விமானத்தில் கைச்சாமான் கட்டுப்பாடு இருந்ததால் துணிப்பெட்டி ஒன்றை விட்டுச் சென்றார். அதை அமெரிக்காவுக்கு அனுப்ப ஒரு முழுநாள் அலைய வேண்டியிருக்கும் என்று கணித்த ஆகர்லாஃப், நாளைக் காலை அனுப்பிவிடலாம் என்று ஒவ்வொரு நாள் காலையிலும் முடிவெடுத்து, அம்முடிவை எட்டு மாதங்களுக்கும் மேலாகக் காப்பாற்றி வந்தார். கடைசியில் நாடு திரும்பும் நண்பர் ஒருவரின் சாமான்களோடு சேர்த்துவிடத் தீர்மானித்தார். இந்நிகழ்ச்சியைத் தொடக்கமாக வைத்து, இன்று படும் சிறு தொல்லை மட்டும் மனிதர் கண்ணுக்குப் பெரிதாகவும் நாளைய தொல்லை சிறிதாகவும் தோன்றுவதை 1991இல் அவர் ஆய்வுரையாக வெளியிட்டார். 2001ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசு மைக்கேல் ஸ்பென்சுடன் சேர்த்து ஆகர்லாஃபுக்கும் ஸ்டிக்லிட்சுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பார்சல் அனுப்பாதவருக்கும் பார்சல் வந்துசேராதவருக்கும் ஒரே மேடையில் பரிசு கிடைத்த வேறு நிகழ்ச்சி அறிவுலக வரலாற்றில் அரிது.

3. காரணம்

தள்ளிப்போடலின் வேர் காலத்தைப் பற்றிய பிழையான எண்ணத்தில் இல்லை. ஆளைப் பற்றிய பிழையான எண்ணத்தில் உள்ளது. அலுவலகத்தில் சிக்கலான கோப்பு ஒன்று மேசைக்கு வந்தால், குறிப்பு எழுதி அடுத்த பிரிவுக்கு அனுப்பும் எழுத்தர் அதை ஒழித்துவிட்டதாக எண்ணாமல் உரிய அதிகாரியிடம் சேர்த்துவிட்டதாக எண்ணி நிம்மதி அடைவது போல, தள்ளுநரும் தம் பணியை ‘நாளையவர்’ என்னும் அதிகாரிக்கு மாற்றல் செய்கிறார். இந்த நாளையவர் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுபவர்; தலைவலி இல்லாதவர்; கைப்பேசியைத் தொடாதவர்; கேட்ட ஆவணங்களை எல்லாம் எடுத்த எடுப்பில் கண்டெடுப்பவர். அத்தகைய திறமைசாலி ஒருவர் பன்னிரண்டு மணி நேரத்தில் பொறுப்பேற்க இருக்கும்போது, இன்றைக்கு இருக்கும் அரைகுறை ஆள் அப்பணியில் கைவைத்துக் கெடுப்பது முறையன்று என்பதே தள்ளுநரின் உள்ளக்கிடக்கை. மறுநாள் காலையில் நாற்காலியில் வந்து அமர்பவர் அதே பழைய ஆள் என்பதுதான் இக்கொள்கையிலுள்ள ஒரே குறை.

நாளையவரின் திறமை எவ்வளவு மிகையாக மதிப்பிடப்படுகிறது என்பதற்கு அளவீட்டுச் சான்றும் உண்டு. கனடாவில் நடந்து 1994இல் வெளியான ஆய்வொன்றில், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிவந்த உளவியல் மாணவர்கள் அதை முடிக்கச் சராசரியாக ஏறத்தாழ 34 நாள் ஆகும் என்று மதிப்பிட்டனர். எல்லாமே கோளாறாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது ஏறத்தாழ 49 நாள் என்றனர். உண்மையில் ஆனதோ 55 நாளுக்கு மேல். அதாவது, மனிதர் கற்பனை செய்யும் முழுப் பேரிடர்கூட அவர்களுடைய சாதாரண வாழ்க்கையைவிட விரைவாக நடக்கிறது.

“செய்தால் திருந்தச் செய்ய வேண்டும், இல்லையேல் தொடக்கூடாது” என்று தள்ளுநர் சொல்வதுண்டு. கால்கரி பல்கலைக்கழகத்தின் பியர்ஸ் ஸ்டீல், அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் எழுதியபோது, பணியின் கசப்பும் மனத்தின் அவசர இயல்பும் தள்ளிப்போடலோடு நெருங்கி நிற்கின்றன என்றும், திருத்தமாகச் செய்யும் பற்றுக்கும் அதற்கும் சொல்லத்தக்க உறவில்லை என்றும் கண்டார். ஆகவே அந்தத் தள்ளுகோல் வழக்கில் மட்டுமே செல்லும், ஆய்வில் செல்லாது.

4. வகை

தள்ளுபொருளைக் கடினம், எளிது என்று பிரிப்பது பயனற்றது. காலம் கடக்கக் கடக்க அது என்னவாகிறது என்பதை வைத்துப் பிரிப்பதே முறை. அவ்வாறு பிரித்தால் மூவகை கிடைக்கும்.

முதலாவது, மாறாப் பணி. பரணைச் சுத்தம் செய்தல் இதற்கு எடுத்துக்காட்டு. இன்று செய்தாலும் பத்தாண்டு கழித்துச் செய்தாலும் அங்கே இருப்பவை ஓட்டை அண்டா, கைப்பிடி போன குக்கர், என்றோ வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டியின் அட்டைப்பெட்டி ஆகியவையே.

இரண்டாவது, தானே மடியும் பணி. அவ்வளவாகப் பழக்கமில்லாதவர் வீட்டுத் திருமணத்துக்கு வெளியூர் போவதா வேண்டாமா என்பதை முகூர்த்த நேரம் கடக்கும்வரை முடிவு செய்யாமல் இருந்தால், முடிவு செய்ய வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. மொய்யைக் கைப்பேசியில் அனுப்பும் வசதி வந்தபின் இவ்வகை பெருகியுள்ளது. தள்ளுநர் தம் கொள்கையில் நம்பிக்கை இழக்காமல் இருப்பதற்கு இவ்வகைப் பணிகளே காரணம். ஒன்று மடிந்தால் ஒன்பதைத் தள்ளும் ஊக்கம் பிறக்கிறது.

மூன்றாவது, வட்டி ஏறும் பணி. கூத்தாடும் கடைவாய்ப் பல், பட்டாவில் இன்னும் மாற்றப்படாத தாத்தாவின் பெயர் ஆகியவை இதில் அடங்கும். எனினும் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு துக்கம் விசாரித்தல். சாவு வீட்டுக்கு அன்றே போனவர் ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சற்று உட்கார்ந்தால் போதும். பதினாறாம் நாள் காரியத்துக்குள் போகிறவர் வெளியூரில் இருந்ததாகச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்துப் போகிறவர் இறப்புக்கு வருந்துவதோடு, வராததற்கு வருந்தி, வராததற்குச் சொல்லும் காரணத்துக்காகவும் வருந்த வேண்டும். ஓராண்டு கடந்தபின் அவர் அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிடுகிறார். முதல் நாளில் அரைமணி நேரமாக இருந்த பணி, ஒரு தெருவையே விழுங்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது.

5. காலம்

தமிழகத் தள்ளுநருக்குக் கிடைத்திருக்கும் தள்ளுகோல்களின் வளம் பிற நாட்டார் பொறாமைப்படத்தக்கது. ஆடியில் எதையும் தொடங்குவதில்லை, ஆவணியில் தேங்கிய முகூர்த்தங்கள் திறந்துவிடப்படுவதால் கல்யாணங்களுக்குப் போய்வரவே பொழுது சரியாகிவிடும், புரட்டாசியில் சனிக்கிழமை விரதமும் கொலுவும், ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் அடைமழை, மார்கழி மறுபடியும் ஆகாத மாதம். தை பிறக்கட்டும் என்று ஆறு மாதமாக வாய்தா வாங்கிய பணிகள் எல்லாம் பொங்கல் கழிந்த மறுநாள் ஒன்றாக வந்து நிற்பதால், எதை முதலில் எடுப்பது என்ற ஆலோசனையிலேயே தை முடிந்து மாசி வருகிறது. மாசியிலும் பங்குனியிலும் பிள்ளைகளின் தேர்வும் ஆண்டுக்கணக்கு முடிப்பும், சித்திரையில் வெயில், வைகாசியில் வெயிலின் மிச்சமும் கல்யாணமும், ஆனியில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டபடியால் சீருடை, நோட்டுப் புத்தகச் செலவு, ஆனிக்குப் பின் ஆடி. இச்சக்கரத்தில் ஊசி நுழையவும் இடமில்லை.

மாதம் கடந்து நாளுக்கு வந்தாலும் நிலைமை இதுவே. சுவரில் தொங்கும் தினக் காலண்டரின்படி இராகுகாலம், எமகண்டம், குளிகை ஆகிய ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம். செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டால் எமகண்டம் 9 முதல் 10.30 வரை, குளிகை 12 முதல் 1.30 வரை, இராகுகாலம் 3 முதல் 4.30 வரை, ஆக 9 முதல் 4.30 வரையான ஏழரை மணி நேரத்தில் நான்கரை மணி நேரம் சட்டப்படியே கழிந்துவிடுகிறது. எஞ்சியவற்றுள் 10.30 முதல் 12 வரை அலுவலகங்களில் கூட்டம் அதிகம் என்பதாலும், 1.30 முதல் 3 வரை சாப்பாட்டுக்குப் பிந்தைய பொழுது என்பதாலும் விலக்கப்படும். குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நிகழும் என்பதால் அந்நேரத்தில் வரி கட்டக் கூடாது என்பார் தள்ளுநர். வேறு நேரத்தில் கட்டினாலும் அது ஆண்டுதோறும் நிகழத்தான் செய்கிறது. அதே காலண்டரில், குறித்த திசையில் பயணம் ஆகாது என்னும் சூலத்துக்குப் பரிகாரமாகச் செவ்வாய்க்குப் பால், வெள்ளிக்கு வெல்லம் என்று தீர்வும் அச்சிட்டிருக்கும். தள்ளுநர் கண் அந்த வரியில் படுவதில்லை. பெண் பார்க்கப் போவதற்கும் வண்டி வாங்குவதற்கும் மட்டும் அவர் அதைக் கூர்ந்து வாசிக்கிறார் என்பதிலிருந்து, தள்ளுகோல் பஞ்சாங்கத்தில் இல்லை, வாசிப்பவர் கையில்தான் இருக்கிறது என்பது பெறப்படும்.

6. அரசின் பங்கு

‘கெடு’ எனப்படும் கடைசி நாளை வகுத்துத் தள்ளிப்போடலை ஒழுங்குபடுத்துவது அரசு. 2024 ஜூலை 31 அன்று முடிந்த கெடுவுக்குள் இந்தியாவில் 7.28 கோடிக்கும் மேற்பட்ட வருமானவரிக் கணக்குகள் தாக்கலாயின, அவற்றுள் 69.92 லட்சம் அந்தக் கடைசி நாளில் மட்டும் வந்தவை; அன்று இரவு 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையே மட்டும் 5.07 லட்சம். பொதுவான படிவங்கள் ஏப்ரல் 1 முதலே கிடைத்த நிலையில், 122 நாளுக்குச் சமமாகப் பங்கிட்டிருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 லட்சம்தான் வந்திருக்கும். நிறுவனம் தரும் ‘படிவம் 16’ ஜூன் நடுவில்தான் கைக்கு வந்தது என்று தள்ளுநர் மறுக்கலாம். அதன் பிறகும் 46 நாள் இருந்தது என்பதே அதற்கு விடை.

கெடுவை நீட்டிப்பதன் வழியாகவும் அரசு இத்துறையை வளர்த்திருக்கிறது. பான் அட்டையை ஆதாருடன் இணைக்க வேண்டும் என்ற விதி 2017இல் வந்தது. கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. முதல் கெடுவிலேயே வரிசையில் நின்று இணைத்தவர், ஒவ்வொரு நீட்டிப்பு அறிவிப்பையும் படித்துத் தம் அவசரத்துக்கு வருந்தினார்; தள்ளுநரோ தம் தொலைநோக்கை வீட்டாரிடம் எடுத்துரைத்தார். 2022 ஏப்ரல் முதல் 500 ரூபாயும், ஜூலை முதல் 1,000 ரூபாயும் கட்டணம் வந்தது. 2023 ஜூன் 30க்குள் இணைக்காத அட்டைகள் செயலிழந்தன. தானே மடியும் பணி என்று ஐந்தாண்டுகளாகக் கருதப்பட்ட ஒன்று, வட்டி ஏறும் பணியாக மாறிய இந்நிகழ்ச்சி, வகைப்பாட்டில் கவனம் தேவை என்பதை வலியுறுத்துகிறது.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: தள்ளிப்போடல் உழைப்புக் குறைவன்று, உழைப்பின் திசைமாற்றம், அதற்குத் தள்ளுநர் கொடுக்கும் விலை நேரத்தில் இல்லை, ஆகர்லாஃபைப் போல அந்தப் பணியை எட்டு மாதமும் மனத்தில் சுமப்பதில் இருக்கிறது, நாளையவர் என்று ஓர் அதிகாரி இதுவரை எங்கும் பணியில் சேரவில்லை.

தள்ளிப்போடலை ஒழிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் பரிந்துரையன்று, அது நடவாது. எதைத் தள்ளுவது என்பதில் மட்டும் ஒழுங்கு வேண்டும். மாறாப் பணியைத் தாராளமாகத் தள்ளலாம். மடியும் பணியை மடிய விடலாம், ஆனால் அது மடியக்கூடியதுதானா என்பதை ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும். வட்டி ஏறும் பணியை அன்றே செய்துவிட வேண்டும். பல் வலித்தால் இன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சாவு வீட்டுக்கு, சொல்ல எதுவும் தோன்றாவிட்டாலும், இன்றே போக வேண்டும்.